மாதா படம் ஒட்டிய டிஸ்க்

வீட்டில் எழுதிய டிஸ்க் ஓடவில்லை என்று யார் வந்தாலும், எந்தப் பிளேயரில் ஓடவில்லை என்றுதான் நான் முதலில் கேட்பேன். பலருக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. டிஸ்க் கெட்டதா, பிளேயர் கெட்டதா, இரண்டில் ஒன்றைச் சொல்லப்பா என்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும். ஜாதகம் பொருந்தாத பையனும் பெண்ணும் மாதிரி, தனித்தனியாக ஒரு குறையும் சொல்ல முடியாது. சேர்த்து வைத்தால்தான் ஒத்துவராது.

மேடம், உள்ளதை உள்ளபடி கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். இதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று உங்களுக்கே பிடிபடவில்லை என்பது உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. புகார் கொடுத்த ரியா அழுதுகொண்டே சொன்னதில் பாதி உங்களுக்குப் புரிந்திருக்காது. நான் நிதானமாக எழுதுகிறேன். படித்து முடித்தால் நான் கெட்டவன் இல்லை என்று உங்களுக்கே தோன்றும்.

என் பெயர் எத்திராஜ். குமணன்சாவடி சிக்னலை ஒட்டிக் கடை வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் கல்யாண வீடியோ மிக்சிங் செய்துகொடுத்தேன். முகூர்த்த மாதங்களில் சாப்பிட நேரம் இருக்காது. இப்போது எல்லாம் போனில் வந்துவிட்டதால், பாஸ்போர்ட் போட்டோ எடுப்பதும் லேமினேஷன் போடுவதும்தான் பிழைப்பு. எப்போதாவது பழைய கேசட்டோ டிஸ்க்கோ எடுத்துக்கொண்டு யாராவது வருவார்கள். கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில்தான் படுக்கிறேன். சொந்தம் என்று எனக்கு யாரும் கிடையாது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சகாயமேரி அம்மா ஒரு மழைநாளில் வந்தார்கள். அயனம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தவர்கள், புடவையெல்லாம் நனைந்திருந்தும் டிஸ்க்கை மட்டும் இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார்கள்.

"தம்பி, இது எங்க ஊட்ல ஓடவே மாட்டேங்குது. உள்ள போவுது, சுத்துது, நோ டிஸ்க்குனு காட்டிட்டு வெளிய தள்ளிடுது. நாலு கடைல கேட்டுட்டேன், இதெல்லாம் இப்ப யாரு பாக்கறாங்கன்னு சிரிக்கிறானுங்க."

சாதாரண சி.டி.தான். மேலே வேளாங்கண்ணி மாதா படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று, ஓரமாக ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் கனம் ஏறினால் டிஸ்க் சுற்றும்போது ஆடும் என்று சொன்னேன். இதை ஏன் ஒட்டினீர்கள் என்று கேட்டேன்.

"மாதா படம் இருந்தா குப்பைல போட மாட்டாரு, அதான்" என்றார்கள்.

அவர்கள் சொன்ன கதை இதுதான். கணவர் வேதமுத்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் யார் காலிலோ விழுந்து, மகன் ரூபஸுக்கும் அதே கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். ரூபஸ் அதை ஒருவரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டு, பெங்களூரில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கப் போய்விட்டான். இனி என் முகத்தில் விழிக்காதே என்றார் அப்பா. போன் போட்டால் எடுக்கமாட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ரூபஸ், தான் பேசியதை வீடியோவாக எடுத்து, டிஸ்க்கில் போட்டுக் கூரியரில் அனுப்பினான். அப்பா டி.வி.யையும் டி.வி.டி. பிளேயரையும் விட்டு நகரமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். அவர் அதைத் தூக்கி எறியக் கூடாது என்றுதான் அம்மா மாதாவை ஒட்டினார்கள். அவர் எறியவில்லை. ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிட்டார். ஈஸ்டருக்கு ஊர் திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் லாரி மோதி ரூபஸ் போய்விட்டான். அவனோடு அவன் போனும் நொறுங்கிவிட்டது.

அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் வேதமுத்து ஐயாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. டாக்டர்களும் பெரிதாக நம்பிக்கை கொடுக்கவில்லை. படுக்கையிலிருந்து அவர் கேட்டது ஒன்றுதான். அந்த டிஸ்க்கைப் போடு, அவன் என்னைப் பற்றி என்ன சொல்கிறான் என்று கேட்க வேண்டும்.

"நீங்க இங்கயே பாருங்கம்மா, என் கம்ப்யூட்டர்ல ஓடும்" என்றேன்.

"வேணாம்பா. அவரு பாக்காம நான் பாக்க மாட்டேன்" என்று சொல்லி, டிஸ்க்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கம்ப்யூட்டரில் போட்டதும் ஓடியது. பையன் வீடியோவைக் கம்ப்யூட்டர் ஃபைலாக அப்படியே ஏற்றியிருந்தான். அந்த வீட்டுப் பழைய பிளேயருக்கு அது புரியாது. அதற்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுத அரை மணி நேரம் போதும். மாற்றுகிற சாக்கில் நானும் பார்த்தேன்.

சமையலறையில் உட்கார்ந்து பேசுகிறான். பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. "நைனா, இன்னும் கோவமா கீறியா? கோவமா இருந்தா இப்பவே டிவிய நிறுத்திடு. நான் வெயிட் பண்றேன்." கையைக் கட்டிக்கொண்டு மேலே பார்க்கிறான். பிறகு சிரிக்கிறான். "நிறுத்தலயா? அப்ப ஒழுங்கா கேளு." வேலையை விட்டது தப்பு, சொல்லாமல் போனது அதைவிடத் தப்பு என்கிறான். அப்பா கை லேத்தில் சிக்கி விரல் போன மறுநாளே, வலியோடு தன்னை ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போனதைச் சொல்கிறான். ஈஸ்டருக்கு வருகிறேன், வாசலில் நிற்க வைத்துவிடாதே நைனா என்று முடிக்கிறான்.

என்னை யாரும் வாசலில் நிற்க வைத்ததில்லை, எனக்கென்று ஒரு வாசல் இருந்தால்தானே. திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.

முதல் தடவை நடந்தது உண்மையான தவறு. டி.வி.டி.யில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு ஜாதி உண்டு. பழைய பிளேயர் சிலவற்றுக்குப் பிளஸ் ஆகாது. கடையில் பிளஸ்தான் இருந்தது, எழுதிக் கொடுத்தேன். ஓடவில்லை என்று இரண்டு நாளில் அம்மா திரும்பி வந்தார்கள். கையில் ஒரு தூக்கு, அதில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். நீயே வீட்டுக்கு வந்து பிளேயரைப் பார்த்துவிடு தம்பி என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மைனஸ் டிஸ்க் ஒன்று எழுதி, என் கடையில் இருக்கும் அதே மாதிரிப் பழைய பிளேயரில் ஓட்டிச் சரிபார்த்து, பையில் வைத்திருந்தேன். ஐயா ஹாலில் கட்டிலில் டி.வி.க்கு நேராகப் படுத்திருந்தார். என்னை ரூபஸின் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நண்டுக் குழம்பு ஊற்றினார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அம்மா கரண்டியோடு நின்றார்கள். டிஸ்க் ஓடிவிட்டால் அழுவார்கள், நன்றி சொல்வார்கள், நான் கைகழுவிவிட்டு எழுந்து வர வேண்டியதுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?

ஓடாது என்று தெரிந்த பழைய பிளஸ் டிஸ்க்கையே திரும்பப் போட்டேன். நோ டிஸ்க் என்று வந்தது. ஐயாவின் முகம் வாடிப்போனதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு வாரம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் போனேன். லென்ஸில் தூசி என்றேன். எழுதிய வேகம் அதிகம் என்றேன். எழுதி முடிந்தது என்று டிஸ்க்கில் பதிந்து மூடாமல் விட்டால் சில பிளேயர் படிக்காது என்றேன். டி.வி.யின் சிஸ்டம் வேறு என்றேன். நான் சொன்னவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை மேடம். உலகத்தில் எங்கேயோ ஏதோ ஒரு பிளேயருக்கு ஒவ்வொன்றும் உண்மை. அந்த வீட்டுப் பிளேயருக்குத்தான் அவை பொருந்தாது.

சும்மாவும் நான் சாப்பிட்டுவிட்டு வரவில்லை. ஐயாவுக்கு ஷேவிங் செய்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மோட்டார் ரிப்பேர், சிலிண்டர் புக்கிங் எல்லாம் நான்தான். ஒருநாள் கஞ்சி வேண்டாம் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு, "கோவமா இருந்தா இப்பவே சொல்லிடு நைனா, நான் வெயிட் பண்றேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் சிரித்ததே இல்லையாம்.

"ரூபஸ் மாதிரியே பேசற கண்ணு" என்று அம்மா என் தலையைத் தடவினார்கள். அந்த டிஸ்க்கைத் தினமும் பார்க்கிறேன் என்று நான் எப்படிச் சொல்வது?

இடைஞ்சல் பாண்டியனால் வந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர். எதையும் அப்படியே விடத் தெரியாத மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, தன் வீட்டுப் பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்து வயரெல்லாம் மாட்டி வைத்திருந்தார். புதிய மாடல். கம்ப்யூட்டர் ஃபைலையும் படிக்கும் என்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா அண்ணாத்தே, நீயும் எவ்ளோ நாளா மல்லு கட்டினு கீற? காப்பியெல்லாம் வேணாம். அந்தப் பையன் அனுப்புன டிஸ்க்கையே போட்டுப் பாத்துடலாம்."

அம்மா போன வாரம்தான் அசலைத் திருப்பி வாங்கி வைத்திருந்தார்கள். பாண்டியன் அதை உள்ளே தள்ளினார். ஐயாவின் நல்ல கை கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அம்மா டி.வி. எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்டிக்கர் கனத்தில் டிஸ்க் உள்ளே கடகடவென்று ஆடியது. திரையில் லோடிங் என்று வந்து நின்றது. லோடிங் போய், திரையில் ஃபைலின் பெயர் தெரிந்தது. நைனாவுக்கு என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். பாண்டியன் ரிமோட்டைத் தூக்கினார்.

நான் எழுந்துபோய் வெளியே எடுக்கும் பட்டனை அழுத்தினேன்.

"சத்தம் கேக்கலயா? ஸ்டிக்கர் உள்ள உரசுது. இப்படியே ஓடுனா டிஸ்க் ஒடஞ்சிடும். இதப் பிரிச்சிட்டுப் போடலாம், ஒரு நிமிஷம்" என்றேன்.

"மாதாவப் பிரிக்கணுமாப்பா?" என்று அம்மா தயங்கினார்கள். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சரி என்று தலையசைத்தார்கள்.

மேடம், சி.டி.யில் வீடியோ பதிந்திருப்பது கீழே பளபளக்கிற பக்கத்தில் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் அது மேல்பக்கத்தில், பெயர் எழுதுகிற இடத்துக்கு அடியில், மெல்லிய தகடு மாதிரி இருக்கிறது. ஸ்டிக்கரை இழுத்தால் அதுவும் சேர்ந்து வரும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நகத்தால் ஒரு முனையைத் தூக்கி, மெதுவாக, ஒரே இழுப்பாக இழுத்தேன். பாலில் ஆடை எடுப்பதுபோல மாதாவோடு அந்த மினுமினுப்பும் வந்துவிட்டது. டிஸ்க்கில் அந்த இடம் கண்ணாடிபோல் ஆகி, அதன் வழியாக என் விரல்கள் தெரிந்தன.

அதற்குப் பிறகு அது எந்தப் பிளேயரிலும் ஓடவில்லை. மாதாவைப் பிரிக்கச் சம்மதித்த தன் பாவம் என்று நினைத்து அம்மா அழுதார்கள். நான்தான் தேற்றினேன். என் கம்ப்யூட்டரில் பாதி ஏறியிருக்கிறது, எப்படியாவது எடுத்துத் தருகிறேன் என்றேன். முழுவதும் இருந்தது.

பாண்டியன் விடவில்லை. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிற அவர்கள் மகள் ரியாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். ரியா லீவ் கேட்டிருக்கிறேன் என்று சொன்னார். அடுத்த முறை நான் போனபோது, ஐயா எனக்காகவே காத்திருந்தார். பேச்சு குழறும், ஆனால் கவனித்துக் கேட்டால் புரியும்.

"எத்திராஜு, டிஸ்க்கு கிஸ்க்கு ஒண்ணும் வேணாம்பா. கம்ப்யூட்டரையே ஆட்டோல தூக்கினு வந்துடு. பாண்டியன் கூட வருவான். பாதி இருந்தாலும் பரவால்ல. எனக்கு நாள் இல்ல."

பாண்டியன் வெளியே வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

"நான் பாத்தேங்கய்யா" என்றேன். "முழுசா இல்ல. ஆனா பேச்சு வரைக்கும் கேட்டேன்."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். லேத் பிடித்த கை, அந்த நிலையிலும் பிடி இரும்பாக இருந்தது. "என்னப் பத்தி இன்னா சொல்றான்?"

"உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலங்கய்யா. அம்மாகிட்டதான் பேசறாரு."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். கையை விட்டார். வண்டியை நிறுத்தச் சொல் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு டிஸ்க்கைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். அவருக்கும் இனி அலைக்கழிப்பு இல்லை, இருக்கிற மகனோடு நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவர் கஞ்சி குடிக்க மறுத்துவிட்டார். நான் எவ்வளவோ கெஞ்சினேன். கையைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வாரமே போய்விட்டார். இரண்டாவது ஸ்ட்ரோக் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதில் என் பங்கு என்ன என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்துச் சுமந்தவன் நான்.

ரியா வந்து எல்லாக் காரியத்தையும் முன்னின்று செய்தார். நல்ல பெண். ஆனால் ஏழாம் நாள் ஜெபம் முடிந்ததும், அம்மாவை மஸ்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார். வீட்டைக் காலி செய்ய ஆள்கூடப் பார்த்துவிட்டார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை அந்த மைனஸ் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன். முதல் ஞாயிற்றுக்கிழமை என் பையில் இருந்த அதே டிஸ்க். பழைய பிளேயரில் போட்டேன். போட்டவுடன் ஓடியது.

நைனா, இன்னும் கோபமாக இருக்கிறாயா என்று ரூபஸ் கேட்டான். டி.வி.யை நிறுத்திவிடு, காத்திருக்கிறேன் என்று கையைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்தான். ரியா வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா திரையைப் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பினார்கள்.

"இத எப்ப சரி பண்ண?"

அவர்களிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "முத வாரத்திலயே சரியாயிடுச்சும்மா. இதப் பாருங்க, இது இந்தப் பிளேயர்லதான் ஓடும். மஸ்கட்ல ஓடாது. நீங்க இங்கயே இருந்தா நான் தினம் வந்து போட்டுக் காட்டறேன்."

திரையில் ரூபஸ் பேசிக்கொண்டிருந்தான். அப்பாவின் விரல் போன கதை வரப்போகிற நேரம்.

"அவரு உன்னக் கேட்டாரே" என்றார்கள் அம்மா. "கையப் புடிச்சிக் கேட்டாரே. நைனான்னு கூப்புட்டானா இல்லியான்னாவது சொல்லியிருக்கலாமேடா பாவி."

என்னை அவர்கள் அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. ரியா பிளேயரை நோக்கி ஓடிவந்தார். நான் முந்திக்கொண்டு டிஸ்க்கை எடுத்துவிட்டேன். வெளியே வந்து, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, நாலாக உடைத்துத் தண்ணீரில் போட்டேன். கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தேன். நீங்கள் எடுத்து வந்திருக்கிற கம்ப்யூட்டரில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அழிப்பதைச் சரியாக அழிக்கத் தெரிந்தவன் நான்.

அந்த மிச்ச வீடியோவைக் கொடுத்துவிட்டால் புகாரையே வாபஸ் வாங்குவதாக ரியா அழுகிறார். பாவம்தான். ஆனால் ஒன்றும் தொலைந்துவிடவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். எங்கே குக்கர் விசில் அடிக்கிறது, எங்கே இருமுகிறான், எந்த இடத்தில் அவன் குரல் கம்முகிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். சகாயமேரி அம்மாவை அழைத்து வந்து என் எதிரே உட்கார வையுங்கள், கடைசி வார்த்தை வரைக்கும் அப்படியே பேசிக் காட்டுகிறேன். அவர்கள் எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் பேசுவேன் மேடம், இனி அவர்களுக்கு மகன் என்று இருப்பது நான் ஒருவன்தானே.